மால்டன் போர்: களத்துக்கு முன் நடந்தவை

அவையோருக்கு வணக்கம்.

கி.பி. 991 ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மால்டன் நகருக்கு அருகே ஆங்கிலோ-சாக்சன் (அன்றைய ஆங்கிலேயர்) படையொன்று, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் கொள்ளையரிடம் தோற்றது. உள்ளே சீர்குலைந்திருந்த நாட்டைத் தேடி வந்த பகை என்று இதற்குப் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அந்நாட்டின் செழிப்பும் ஒழுங்கான ஆட்சியமைப்புமே பகைவரை முதலில் ஈர்த்தன என்பது என் கருத்து.

எட்கர் மன்னர் 959 முதல் 975 வரை இங்கிலாந்தை ஆண்டார். பெரிய படையெடுப்பு எதுவும் இல்லாத அந்த ஆண்டுகளில், 973ஐ ஒட்டி, அவர் நாணய முறையைத் திருத்தினார். நாடெங்கும் ஒரே வடிவில், அரசரின் தலையும் பெயரும் பொறித்த வெள்ளிக் காசு மட்டுமே செல்லும்; பழைய காசைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும்; காசு அடித்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் பின்புறத்தில் இருக்க வேண்டும். அன்றைய மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு கட்டுக்கோப்பான நாணய முறையைக் காண்பது அரிது. காசு அடிக்கும் உரிமை பெற்ற ஊர்களில் இப்ஸ்விச்சும் மால்டனும் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே காலத்தில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் புதிதாக வெட்டியெடுத்த வெள்ளி, வணிகத்தின் வழியே கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தது.

வடக்கே நிலைமை நேர்மாறானது. இசுலாமிய நாடுகளில் அடித்த வெள்ளித் திர்ஹம் காசுகள் ரஷ்ய ஆறுகளின் வழியாக ஸ்காண்டிநேவியாவுக்குப் பல தலைமுறைகளாக வந்திருந்தன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வரத்து சுருங்கத் தொடங்கியது. கப்பலோட்டிகளையும் போர்வீரரையும் தம்மோடு வைத்திருக்க விரும்பிய தலைவர் எவருக்கும் கொடுக்கக் கையில் வெள்ளி வேண்டும்; கிழக்கில் கிடைக்காததை அவர்கள் மேற்கில் தேடினார்கள்.

அரியணையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். எட்கர் 975இல் இறந்தபின், மடங்களுக்கு அளித்த நிலங்களைக் குறித்துப் பிரபுக்களிடையே பூசல் மூண்டது. 978இல் அவருடைய மூத்த மகன் எட்வர்ட், கோர்ஃப் என்ற இடத்தில் கொலையுண்டார். பத்து வயதையொட்டிய ஈதல்ரெட், அண்ணனின் குருதிப் பழி தம் ஆட்சியின்மேல் படிந்திருக்க முடிசூடினார். அச்சிறுவனுக்கு அக்கொலையில் பங்கிருந்ததாக அக்காலத்தவரே சொல்லவில்லை.

980இல் சவுத்ஹாம்ப்டன் சூறையாடப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் பேட்ஸ்டோ, போர்ட்லண்ட் ஆகிய கரையோர ஊர்களும், 988இல் வாட்செட்டும் தாக்குதலுக்கு உள்ளாயின. இவையெல்லாம் சிறு கூட்டங்களின் வேலை. ஆனால் கொள்ளையடித்த பொருளை விற்கவும் கப்பலைச் செப்பனிடவும் எதிர்க்கரையில் நட்புள்ள துறைமுகம் இருந்தால் சிறு கூட்டமும் பெருகும். வைக்கிங் வழிவந்த நார்மண்டிப் பிரபுக்களின் துறைமுகங்கள் அதற்கு இடங்கொடுத்தன. இதனால் ஈதல்ரெட்டுக்கும் நார்மண்டிப் பிரபுவுக்கும் இடையே மூண்ட பகையைத் தீர்க்கப் போப்பாண்டவர் பதினைந்தாம் ஜானே தலையிட்டார். ஒருவர் பகைவருக்கு மற்றவர் புகலிடம் தருவதில்லை என்ற உடன்படிக்கை 991 மார்ச் மாதத்தில் ரூவான் நகரில் உறுதியானது. மால்டன் போர் அதற்கு ஐந்தே மாதம் கழித்து நடந்தது என்பதிலிருந்து அந்த உடன்படிக்கை எந்த அளவுக்குப் பயன்பட்டது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தக் கோடையில் வந்தது சிறு கூட்டம் அல்ல. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் ஒரு பிரதி, ஓலாஃப் என்பவர் 93 கப்பல்களோடு வந்ததாகக் கூறுகிறது. ஃபோக்ஸ்டன், சாண்ட்விச், இப்ஸ்விச் என்று கரையோரமாகச் சூறையாடிக்கொண்டு அவர்கள் மால்டனை அடைந்தார்கள். எதிர்த்து நின்றவர், 956 முதல் அரசருக்குக் கீழ் எஸ்ஸெக்ஸை நிர்வகித்துவந்த பிரபு பிர்த்னோத். வயது முதிர்ந்தவர், மடங்களின் பக்கம் உறுதியாக நின்றவர். பகைவர் தங்கியதாகக் கருதப்படும் நார்தி தீவுக்கும் கரைக்கும் இடையே, நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு குறுகிய பாதை உண்டு. அதைச் சிலரே அடைத்து நிற்க முடியும். இருந்தும் பிர்த்னோத் பகைவரைக் கரையேற விட்டார், போரில் மாண்டார்.

தொடக்கமும் முடிவும் இழந்து 325 வரிகள் மட்டும் எஞ்சியுள்ள பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று, அவருடைய செருக்கே இதற்குக் காரணம் என்று பழிக்கிறது. மூலச் சுவடி 1731இல் தீக்கிரையானபோதும், முன்னரே எடுத்துவைத்த நகலால் தப்பிய கவிதை அது. அதன் தீர்ப்பைப் பலர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பாதையை அடைத்து நின்றிருந்தால் அவர்கள் கப்பலேறி அடுத்த கழிமுகத்துக்குப் போயிருப்பார்கள். நிலப்படையால் 93 கப்பல்களைத் துரத்த முடியாது. மூன்று ஊர்களைச் சூறையாடிவிட்டு வந்த படையை ஓரிடத்தில் நிறுத்திப் போரிட அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான்.

தோல்விக்குப் பின், கேண்டர்பரி பேராயர் சிஜெரிக்கின் ஆலோசனைப்படி பகைவருக்கு 10,000 பவுண்டு வெள்ளி கொடுக்கப்பட்டது. ஒரு பவுண்டுக்கு 240 காசு என்ற கணக்கில் அது 24 இலட்சம் காசு. இவ்வளவு பெரிய தொகையை உடனே திரட்ட முடிந்ததே எட்கர் விட்டுச்சென்ற நிர்வாகத்தின் வலிமையால்தான். வந்தவர்களும் அதைக் கண்டுகொண்டார்கள். 994இல் ஓலாஃபும் டென்மார்க் அரசர் ஸ்வேனும் 94 கப்பல்களோடு லண்டனைத் தாக்கினார்கள். அம்முறை கொடுக்க வேண்டியிருந்த தொகை 16,000 பவுண்டு.