ஒரு சுற்றுக்கு 8 மெகாஜூல்

வணக்கம் நேயர்களே. பர்லியாறைக் கடந்து, குன்னூர் மலைப்பாதையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உங்களுடன் பேசுகிறேன். இறங்கி வரும் லாரிகளின் பிரேக் காயும் வாடை இங்கே தெளிவாக வீசுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நாம் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறோம். 1,000 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 15 மெகாஜூல். பெட்ரோல் வண்டியில் அது முழுவதும் வெப்பமாகவே வீணாகிறது.

பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடும் புரோட்டோடைப் கார்கள், அதாவது விற்பனைக்கு வரும் எந்தக் காரையும் தழுவாமல் பந்தயத்துக்கென்றே வரைந்து கட்டப்படும் கார்கள், இந்த வீணடிப்பை எதிர்த்துத்தான் ஒரு காலத்தில் மோதிக்கொண்டன. 2014-இல் வந்த விதி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரிபொருள் ஆற்றல்தான் என்று வரையறுத்தது. வீணாகும் ஆற்றலிலிருந்து மீட்டெடுக்கும் மின்னாற்றலை 2, 4, 6, 8 மெகாஜூல் என்ற படிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள விட்டது. கூடுதலாக மீட்பவருக்கு எரிபொருளைக் குறைத்தது. மீட்கும் வழியை மட்டும் சொல்லவில்லை.

அந்த ஒரே கேள்விக்கு மூன்று நிறுவனங்கள் மூன்று விடைகளைக் கொண்டுவந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆடி டீசல் எஞ்சினை நம்பி, 2 மெகாஜூல் படியில் நின்று, பிரேக் ஆற்றலை ஃப்ளைவீல் எனப்படும் அதிவேகமாகச் சுழலும் சக்கரத்தில் சேமித்தது. டொயோட்டா பெரிய வி8 பெட்ரோல் எஞ்சினுடன், மின்னேற்றத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டரை இணைத்தது. சட்டென்று நிரம்பிச் சட்டென்று காலியாகும் அதன் இயல்பு பிரேக் மிதிக்கும் அந்தச் சில நொடிகளுக்குப் பொருந்தியது. போர்ஷேவின் 919 ஹைபிரிட், வெறும் 2 லிட்டர் வி4 டர்போ எஞ்சினுடன் லித்தியம் அயன் பேட்டரியை வைத்து, முன்சக்கர பிரேக்கிலிருந்து மட்டுமல்லாமல் புகைக்குழாயில் வெளியேறும் வாயுவைக் கொண்டும் ஒரு டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்தது. என் மதிப்பில் அந்தத் தலைமுறையின் மிகத் துணிந்த யோசனை இதுதான்.

2014-இல் லெ மானை ஆடியும், நெடுநேரப் பந்தயத் தொடரின் உலகச் சாம்பியன் பட்டத்தை டொயோட்டாவும் வென்றன. அடுத்த ஆண்டு 8 மெகாஜூல் படிக்கு ஏறிய போர்ஷே, 2015 முதல் 2017 வரை லெ மானைத் தொடர்ந்து வென்றது. 8 மெகாஜூல் என்பது நம் மின்கட்டணக் கணக்கில் சுமார் 2.2 யூனிட், அதை 13.6 கிலோமீட்டர் சுற்று ஒவ்வொன்றிலும், மூன்றரை நிமிடத்துக்குள் மீட்டுச் செலவழிக்க வேண்டும்.

செலவு தாங்காத அளவுக்குப் பெருகியது. ஆடி 2016 முடிவிலும் போர்ஷே 2017 முடிவிலும் விலகின. இவற்றின் முதன்மைப் பிரிவாக 2021-இல் தொடங்கிய ஹைப்பர்கார் பிரிவில் திறன் ஏறத்தாழ 500 கிலோவாட்டுக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. கார்கள் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்படி எடையும் திறனும் அமைப்பாளர்களால் திருத்தப்படுகின்றன. அப்பிரிவின் ஒரு வகையான எல்எம்டிஎச் கார்களில், எஞ்சினுக்குத் துணையாக மின்மோட்டாரை இயக்கும் ஹைபிரிட் அமைப்பே எல்லோருக்கும் ஒன்றுதான். இதனால் பல நிறுவனங்கள் திரும்பி வந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின் முதன்மைப் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரியின் 499பி, 2023 முதல் மூன்று ஆண்டுகள் லெ மானைத் தொடர்ந்து வென்றது. பந்தயம் நெருக்கமாகியிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதிகமாக மீட்பவர் முந்துவார் என்ற நிலையை விட்டுவிட்டு, எல்லோரையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது புரோட்டோடைப் கார்களுக்குப் பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.