சீடி நோட்டில் ஆறு முகம்

வணக்கம் மக்களே! என் கையில் இருப்பது கானா நாட்டின் ஒரு சீடி நோட்டு. செடி இல்லை, சீடி. பாட்டு கேட்க வைத்திருந்தோமே, அந்த சீடி மாதிரியே சொல்ல வேண்டும். அதுதான் அந்த நாட்டுப் பணத்தின் பெயர். கானாவில் பேசும் அகான் மொழியில் சோழிக்கு உள்ள பெயர்தான் இப்படி ஆகியிருக்கிறது. ஆமாம், நாம் தாயம் ஆட உருட்டுகிற அதே சோழி! மாலத்தீவில் அள்ளிய சோழி கப்பலேறிப் போய், மேற்கு ஆப்பிரிக்காவில் பல நூறு ஆண்டுகள் காசாகவே புழங்கியது. 1979இல் அடித்த ஒரு சீடி நாணயத்தில் சோழியையே பொறித்திருக்கிறார்கள்.

1957இல் விடுதலை, மறு வருடம் கானா பவுண்ட், 1965 ஜூலையில் சீடி. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதில் 100 பென்ஸ் சேர்ந்தால் ஒரு சீடி என்று வைத்தார்கள். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், அதாவது ஒரு சீடி எட்டு ஷில்லிங் நாலு பென்ஸ். கடைக்காரர்கள் என்ன பாடு பட்டார்களோ! நோட்டில் அதிபர் குவாமே இன்க்ரூமாவின் முகம். 1966 பிப்ரவரியில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1967இல் 'நியூ சீடி' வந்தது, அவர் முகம் போயே போய்விட்டது.

அப்புறம் விலைவாசி ஏறி ஏறி, 20,000 சீடிக்கே ஒரு நோட்டு அடிக்க வேண்டிய நிலை. 2007 ஜூலையில் நாலு சைபரை வெட்டினார்கள். பழைய பத்தாயிரம், புதிய ஒன்று. இந்தச் சிவப்பு நோட்டு அப்போது வந்ததுதான்.

கொஞ்சம் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஆறு முகம் தெரிகிறதா? 'பிக் சிக்ஸ்' என்பார்கள். 1948இல் ஆங்கிலேயர்கள் ஒன்றாகக் கைது செய்த ஆறு தலைவர்கள். அதில் இன்க்ரூமாவும் உண்டு, டன்குவாவும் உண்டு. இந்த டன்குவாவைப் பின்னாளில் சிறையில் வைத்தது இன்க்ரூமா அரசு. 1965 பிப்ரவரியில், சீடி வருவதற்குச் சில மாதம் முன்பு, சிறையிலேயே இறந்துபோனார். அகோ அஜெய் என்பவரும் அதே அரசின் சிறையில் இருந்தவர்தான். இப்போது எல்லாரும் ஒரே தாளில்!

சரி, திருப்புகிறேன். பின்பக்கம் அகோசொம்போ அணை. இன்க்ரூமா ஆசை ஆசையாகக் கட்டியது. 1966 ஜனவரியில் திறந்தார், அடுத்த மாதமே பதவி போனது.

2010இல் அவர் மட்டும் தனியாக இருக்கிற இரண்டு சீடி நோட்டும் வந்தது. நூற்றாண்டு நினைவுக்காக. அது என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.