நனைந்த பாயும் நாலரை மணித் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடம், விரல் சூப்புவது, நகம் கடிப்பது, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுவது என்று அது பெரிய பட்டியல். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் தேறாது. வீட்டுக்குள்ளேயே அமுக்கிவைக்கப்படுகிற ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: தூக்கத்தில் பாயை நனைப்பது. நேரம் மிஞ்சினால் பள்ளி அழுகைக்கு வரலாம்.

காலையில் எழுந்ததும் பிள்ளை ஈர டவுசரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறான். வாடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. “எட்டு வயசாச்சு, வெக்கமா இல்ல?” அம்மா பாயை மொட்டைமாடிக்கு இழுத்துப்போகிறார். “இன்னைக்கும் மழையா?” என்று பக்கத்து மாடியிலிருந்து ஒரு கேள்வி. கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அந்தப் பிள்ளை ஏன் அடம்பிடிக்கிறான் என்பது யாருக்கும் புரிவதில்லை. திமிர் என்கிறார்கள், சோம்பேறித்தனம் என்கிறார்கள். தூங்குகிற பிள்ளைக்குத் திமிர் ஏதுங்க?

ஐந்து வயது வரை இதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் நனைக்கிறார்கள். ஏழு வயதில் 10 பேர். அதாவது, 40 பேர் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வகுப்பில் நான்கு பேர். அந்த நான்கு பேருமே ‘உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படி’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரம்பரையும் உண்டு. பெற்றோரில் ஒருவர் சிறுவயதில் நனைத்தவர் என்றால் பிள்ளைக்கு வாய்ப்பு 44 சதவீதம், இருவருமே என்றால் 77. அதட்டுகிற அப்பாக்கள் தங்கள் அம்மாவிடம் தனியாக ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

காரணம் மூன்று. இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கிவிடுகிறது. மூன்றாவது, பை நிறைந்துவிட்டது என்ற செய்தி போனாலும் மூளை விழிப்பதில்லை. இந்த மூன்றில் எதையும் அடியோ, ‘சூடு வைப்பேன்’ என்ற மிரட்டலோ சரிசெய்யாது.

சிறுநீர்ப்பையின் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். ஏழு வயது என்றால் 240 மில்லி. சனி, ஞாயிறு பகலில் ஓர் அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் இந்தக் கணக்கில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் 100, 120 மில்லிதான் வருகிறது என்றால் பை குறைந்த அளவிலேயே சுருங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். இரவு நனைகிற பாயின் கதை பாதி நேரம் பள்ளிக் கழிப்பறையில் தொடங்குகிறது. தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, வாளி இருக்கிறது, குவளை இல்லை, நாற்றம் வாசலுக்கே வருகிறது. பிள்ளை உள்ளே போவதில்லை. போக வேண்டாமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மடமடவென்று ஒரு பாட்டில், ராத்திரி சாப்பாட்டோடு இன்னொன்று. நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதை நாலரைக்குப் பிறகு குடித்தால், அது வெளியே வருகிற நேரம் நள்ளிரவுதான். 2019-இல் கேரளத்துப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் தண்ணீர் மணி அடித்தால் மட்டும் போதாது, கழிப்பறையில் தாழ்ப்பாளும் குவளையும் வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் மலமும் இறுகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல். அது நிரம்பிக் கிடந்தால் பையை நெருக்கி அமுக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி போகிறதா, மூன்று நாளைக்கு ஒருமுறையா என்று முதலில் கேளுங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே பாய் காய்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாள் தண்ணீரை ஐந்து பங்காக்குங்கள். இரண்டு பங்கு மதியத்துக்குள், இரண்டு பங்கு மாலைக்குள், ராத்திரிக்கு ஒரு பங்கு. தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி, கோலா வேண்டாம். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை. வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் அடியில் ஒரு முக்காலி போடுங்கள். கால் ஊன்றாத பிள்ளைக்கு முழுதாகப் போக வராது. படுக்கும் முன் ஒருமுறை போகட்டும், பல் தேய்த்துவிட்டு மறுபடி போகட்டும்.

காலண்டரில் நட்சத்திரம் ஒட்டுகிறீர்களா? காய்ந்த இரவுக்கு ஒட்டாதீர்கள், அது பிள்ளையின் கையில் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்ததற்கு, படுக்கும் முன் போனதற்கு, காலையில் போர்வையை எடுத்துப்போட உதவியதற்கு ஒட்டுங்கள். பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலேயே தூக்கிக்கொண்டுபோய் நிறுத்துவது பாயைக் காப்பாற்றும், பிள்ளைக்கு எதையும் பழக்காது.

இவ்வளவும் செய்து நிற்கவில்லை என்றால் மணிக் கருவி. இதன் கதை சுவையானது. 1904-இல் ஃபவுண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஒரு கருவி செய்தார். வார்டில் எந்தப் பிள்ளை நனைத்தாலும் மணி அடிக்கும், செவிலியர் வந்து துணி மாற்றுவார். ஏற்பாடு செவிலியருக்காகத்தான். கொஞ்ச நாளில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்துவிட்டது! 1938-இல் அமெரிக்காவில் மவுரர் தம்பதி அதைச் சிகிச்சையாகவே வளர்த்தெடுத்தார்கள். இன்று உள்ளாடையில் மாட்டுகிற அளவுக்குச் சின்னதாக வந்துவிட்டது. முதல் சில வாரங்கள் மணிக்கு வீடே எழும், பிள்ளை மட்டும் எழாது. பெரியவர்கள்தான் முழுதாக எழுப்பி, நடத்திக் கூட்டிப்போய், மிச்சத்தைப் போகவைத்து, கருவியை மறுபடி மாட்ட வேண்டும். பலர் பத்தே நாளில் தூக்கிப் போடுவது இந்தத் தூக்கம் கெடுகிற இடத்தில்தான். நான்கு வாரத்தில் ஈரவட்டம் சிறிதானாலோ, மணி அடிக்கிற நேரம் தள்ளிப்போனாலோ அது வேலை செய்கிறது. தொடர்ந்து 14 இரவு காயும்வரை விடாதீர்கள். மூன்று மாதம்கூட ஆகலாம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி ஒரு வரி: இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் என்ற மருந்து மருத்துவர் சொன்னால் மட்டும். அதைக் கொடுக்கிற இரவு, ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம்வரை தண்ணீர் கட்டுப்பாடு கண்டிப்பு. இல்லையென்றால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் வீட்டில், பள்ளியில் என்ன மாறியது என்று பாருங்கள். தம்பி பாப்பா வந்திருக்கலாம், வகுப்பில் யாரோ மிரட்டலாம். பகலிலும் கசிவு, எரிச்சல், காய்ச்சல், பலத்த குறட்டை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓயாத தாகமும் எடை குறைவதும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே சர்க்கரைப் பரிசோதனை, மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். பள்ளிக்குப் போக அழும் பிள்ளையைப் பற்றி இன்னொரு நாள். வணக்கம்.