கணக்கு உதைக்கும் இடம்
(அலைக்கற்றை நிர்வாகப் பயிற்சியாளர்களிடம் காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)

வணக்கம். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் இது. அலைக்கற்றை நிர்வாகமும் ஒரு பேரேடுதான். எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்பது தேசிய ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். பேரேடு சரியாக இருந்தும் கையிருப்பு உதைக்கும் இல்லையா, அதுபோல ஒதுக்கீடு சரியாக இருந்தும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து குறுக்கீடு பிறப்பதைப் பற்றித்தான் பேச்சு.

விமானிக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்குகிறது. அதை ஒட்டிக் கீழே, 88 முதல் 108 வரை பண்பலை வானொலி. 107.1-லும் 104.1-லும் இரு நிலையங்கள், இரண்டும் உரிமம் பெற்றவை என்று வையுங்கள். இரு அலைகள் கலந்தால், ஒன்றின் இரட்டிப்பில் மற்றதைக் கழித்த இடத்தில் புது அலை ஒன்று பிறக்கலாம். முதலாவதை இரட்டித்தால் 214.2, அதில் இரண்டாவதைக் கழித்தால் 110.1. அது லோக்கலைசரின் இடம்! இந்தக் கலப்பு விமானத்து ரிசீவருக்குள்ளேயே பிறந்தால், தரையில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. 1998 முதல் இதைத் தாங்கும் ரிசீவர்கள் வேண்டும் என்று பன்னாட்டு விதி வந்தது அதனால்தான்.

தரையில் வரும் புகாருக்கு முதல் சோதனை: ரிசீவர் வாயில், அலையின் வலுவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை, 10 டெசிபெல் அளவில், மாட்டுங்கள். குறுக்கீடு 10 குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. 30 அளவுக்குச் சரிந்தால் உங்கள் ரிசீவரே அதை உண்டாக்குகிறது. உள்ளே வரும் இரு அலைகளும் ஒரு டெசிபெல் குறைந்தால் இந்தக் கலப்பு மூன்று குறையும். அலைகளைத் திரையில் காட்டும் கருவியான அனலைசரின் உள் அட்டென்யுவேட்டரைக் கூட்டினால் திரை அளவு தானே ஈடுகட்டிவிடும்: வெளி அலை அசையாது, உள்ளே பிறந்தது மட்டும் இறங்கும். இதைப் பார்க்காமல் நிலையத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு அசடு வழிகிறவர்கள் உண்டு.

கலப்பு ரிசீவருக்குள் பிறந்தால், அதன் முன்னால் வேண்டாத அலைகளைத் தடுக்கும் ஃபில்டர். டிரான்ஸ்மிட்டரில் பிறந்தால் அங்கே, அலையை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டரும் ஃபில்டரும்.

மூன்றாவது இடம்தான் தொல்லை: துரு. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் ஊரில் துருவை விளக்க வேண்டியதில்லை. இரு உலோகங்களுக்கு நடுவே படிந்த ஆக்சைடு, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு மாதிரி வேலை செய்யும். கோபுரத்துத் தாங்குகம்பி, தகரக் கூரை, முள்வேலி எதுவும் அலைகளைக் கலக்கும். கலப்பு ரிசீவரின் சொந்த அலைவரிசையிலேயே விழுவதால் எந்த ஃபில்டரும் உதவாது. காற்றடித்தால் ஏறி இறங்கும், மழை வந்தால் மாறும். ஆகவே புகார்ப் பதிவில் நேரத்தோடு வானிலையையும் எழுதுங்கள். சந்தேகப்படும் இணைப்பை மரக்கட்டையால் தட்டுங்கள். திரையில் அலை துள்ளினால் ஆள் அகப்பட்டது. துருவைச் சுரண்டி நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் இன்சுலேட்டர் வைத்து முழுக்கப் பிரித்துவிடுங்கள். அரைகுறைத் தொடர்பு மட்டும் கூடாது.

நாளைக் காலைப் பயிற்சி வேலியோரம். மழை இல்லையென்றால் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வாருங்கள்.