கோதுமையின் விளைச்சல் உயர்ந்த வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் கோதுமை வேளாண்மை இல்லை. பினாங்குக் கடைகளில் ரொட்டி சானாய்க்கும் சப்பாத்திக்கும் பிசையும் மாவு, கப்பலில் வந்த கோதுமையை அரைத்தது. அப்பயிர் பிற நாடுகளில் எவ்வளவு விளைகிறது என்பது நம் உணவையும் பற்றிய செய்தி.

பழைய கோதுமை நெடிது வளரும். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் தாள் மேலும் நீண்டு, கதிர் கனத்ததும் பயிர் சாய்ந்துவிடும். இத்தடையை நீக்க உதவியது 1935-இல் ஜப்பானில் பதிவுபெற்ற நோரின் 10 என்னும் குட்டை இரகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் விதை அமெரிக்கா சென்றது; அங்கே கோதுமை ஆய்வாளர் ஆர்வில் வோகல் அதனை உள்நாட்டு இரகங்களோடு கலந்தார்; அக்கலப்பின் வழிவந்த விதை மெக்சிகோவில் புதிய கோதுமை இரகங்களை உருவாக்கிவந்த அறிவியலாளர் நார்மன் போர்லாக்கிடம் சேர்ந்தது. போர்லாக் குளிர்காலத்தில் யாக்கி பள்ளத்தாக்கிலும் கோடையில் டொலூகா மேட்டுநிலத்திலும் என ஆண்டுக்கு இருமுறை பயிரிட்டு வந்தார். காலத்தை மிச்சப்படுத்தவே இம்முறையைத் தொடங்கினார்; ஆனால் இரு இடங்களிலும் தேறிய செடிகளையே தெரிந்தெடுத்ததால், பகலின் நீளத்துக்குக் கட்டுப்படாமல் பூக்கும் இரகங்களும் கிடைத்தன. அவ்விதை இந்திய மண்ணில் நன்கு விளைந்ததற்கு, குட்டைத்தன்மைக்கு நிகரான காரணம் இது என்றே நான் கருதுகிறேன். 1966-இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதையை வரவழைத்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதனும் தமிழர்கள் என்பதை இந்த அவையில் பெருமிதத்தோடு சொல்கிறேன்.

குட்டைச் செடி கூடுதலாக விளைவது சாயாமல் நிற்பதால் மட்டும் அன்று. ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கிதான் தண்டை நீளச் செய்கிறது. நோரின் மரபணுவைப் பெற்ற கோதுமையில் அது சுரந்தாலும் தண்டு அதற்கு முழுமையாக இணங்குவதில்லை. ஐ.ஆர். 8 வழிவந்த குட்டை நெல்லிலோ ஊக்கியே குறைவாகச் சுரக்கிறது. கோதுமையில் தண்டு நீளும் நாள்களிலேயே கதிரும் உள்ளே வளர்கிறது. எனவே தண்டுக்குச் செல்லாத உணவு கதிருக்குக் கிடைத்து, கருகிப்போயிருக்கக்கூடிய பூக்கள் பலவும் மணியாகின்றன. செடி மொத்தமாகத் திரட்டும் எடை பெரிதும் கூடவில்லை. அதில் மணியின் பங்குதான், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் இருந்தது, பாதியளவுக்கு உயர்ந்தது.

இந்தப் பங்கை இனி நெடுந்தூரம் உயர்த்த இயலாது. தாளும் இலையும் இல்லாமல் மணி இல்லை. ஏறத்தாழ 60 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியதும் எல்லை வந்துவிடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆகவே, ஒளிச்சேர்க்கையைப் பெருக்கிச் செடியின் மொத்த எடையையே கூட்டுவது ஒரு வழி. மணியைப் பருக்கச் செய்வது மற்றொன்று. இரண்டாவதில் சிக்கல் மிகுதி. ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகளை, அதாவது முழு மரபணுத் தொகுப்புகளை, சுமக்கிறது. 42 குரோமோசோம்களில் பெரும்பாலான மரபணுக்களுக்கு மும்மூன்று படிகள், அதாவது நகல்கள், உண்டு. ஒரு படியை மாற்றினால் மற்ற இரண்டும் அந்த விளைவை மறைத்துவிடுவதுண்டு. முழு மரபுத்தொகுதியின் வரிசை 2018-இல் வெளியான பின், மூன்று படிகளையும் இனங்கண்டு ஒருசேர மாற்றுவது எளிதாகியிருக்கிறது. மணியின் பருமனைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் இவ்வாறு செய்தபோது மணி தெளிவாகவே பருத்தது. ஆயினும் மணி பருக்கும்போது எண்ணிக்கை குறைவது கோதுமையின் இயல்பாதலால், ஆய்வகத்தில் பருத்த மணி வயலில் கூடுதல் மகசூலாகுமா என்பதை, பல பருவங்களில் பல நிலங்களில் பயிரிட்டு எடைபோட்டே அறிய வேண்டியிருக்கிறது.