சகுனம் வேறு, கணிப்பு வேறு
(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து ஒற்றை ஆளாக நாற்காலி இழுத்துப் போட்ட நூலகர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் விவசாய சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தது தலைவர் ஐயாவிடம்தான். அவர் முன்னால் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் பெரிய பேறு.

வரப்போவதைக் குறிக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டேன். ஓமன், போர்ட்டென்ட், ஆகரி, பிராஃபசி, ஃபோர்காஸ்ட். பள்ளியில் நாங்கள் எல்லாவற்றுக்கும் ‘சகுனம்’ என்றே எழுதினோம்.

ஓமன் தானாக எதிரே வந்து விழுவது. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதிலிருந்து வந்த ஓமினஸ் மட்டும் கெட்டதையே சொல்லும். ரோமானியர்கள் காதில் விழும் பேச்சையும் ஓமனாக எடுத்தார்கள். ரோமானியத் தளபதி க்ராசஸ் படையோடு கப்பலேறும்போது துறைமுகத்தில் ஒருவன் ‘கௌனியாஸ்’ என்று கூவி அத்திப்பழம் விற்றானாம். லத்தீன் காதுக்கு அது ‘போகாதே’ என்று கேட்கும். போனார்; கி.மு. 53இல் கார்ரே போரில் தோற்று உயிரையும் விட்டார். நம்மிடம் இதற்கு விரிச்சி என்ற சொல் இருக்கிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவி நிற்க, ஓர் இடைப்பெண் கன்றிடம் ‘உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்’ என்கிறாள். அது நற்சொல் ஆகிறது. ஓமன் தேடாமல் வரும், விரிச்சி போய் நின்று கேட்பது. இந்த நுட்பம் ஓமன் என்ற சொல்லில் இல்லை.

போர்ட்டென்ட், ஆகரி, பிராஃபசி மூன்றையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஃபோர்காஸ்ட், அதாவது கணிப்புதான் நமக்கு அவசரம்.

வானிலைக்கு அந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வின் போன பீகிள் கப்பலின் கேப்டன். 1859இல் வேல்ஸ் கரையோரம் புயலில் ராயல் சார்ட்டர் கப்பல் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் கடலோரங்களுக்குத் தந்தியில் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். 1861இல் பத்திரிகையில் தினசரிக் கணிப்பும் வெளியிட்டார். ‘இது தீர்க்கதரிசனம் அல்ல, கணக்குப் போட்டுச் சொல்லும் கருத்து’ என்று அவரே விளக்கினார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பழமொழி ஞாபகம் வரும்: எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி ஓடுகிறது. ‘அதி கனமழை’ என்கிறார்கள். என் மாமனார் கேட்கிறார், “அதின்னா எவ்வளவு?” எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. படித்தவன், தெரியவில்லை. அடுத்த வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாரை சாரையாக எறும்பு, வாயில் முட்டை. பேரனைக் கூப்பிடுகிறாள்: “ஏலே, அரிசி மூட்டையத் தூக்கி மச்சுல போடுல!” அவன், “போ ஆச்சி, ஆத்துல தண்ணியே இல்ல” என்கிறான். ஆச்சி விடவில்லை. தானே படியில் இழுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அவன் ஓடிவந்தான், நானும் போனேன். மூன்று மூட்டை, ஒரு டின் எண்ணெய், பேரனின் புத்தகப்பை. மறுநாள் தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. இரண்டு நாள் தெருவே அந்த அரிசியில்தான் கஞ்சி குடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை!

ஆச்சி பார்த்தது சகுனம் அல்ல, அறிகுறி. எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை என்பது பலகாலம் கண்ணால் பார்த்துத் தேர்ந்த பேச்சு. டிவி சொன்னது கணிப்பு. எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்றாவது ஒன்று, எச்சரிக்கை. அதி கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல். அத்தனை பெய்தால் நம் குளம் எந்த மடையில் உடைக்கும், எந்தத் தெரு முதலில் முங்கும், யார் வீட்டு மச்சு உயரம்? இதைச் சொல்ல ஊருக்கு ஒரு பலகை வேண்டும். இரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுத் திரிகிறேன். சாவடிச் சுவரில் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற மூன்று மழை அளவும் நேர் எதிரே என்ன செய்யவேண்டும் என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆச்சிமார் சொல்லும் அறிகுறிகளும் பக்கத்திலேயே இருக்கட்டும், எறும்பிலிருந்து தொடங்கி.

ஊராட்சித் தலைவர் அம்மா மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் சாவடிச் சுவரைத் தாருங்கள். பெயின்ட் செலவு என்னுடையது. கையெழுத்து நன்றாக உள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் நூலகர் தம்பியிடம் பெயர் கொடுங்கள்.