43 இன்ச் திரையும் என் சின்ன ஸ்டூடியோவும்

சரி, கேமரா ஓடுகிறது. போன வீடியோவில் வயலினுக்கு மைக் எங்கே வைப்பது என்று இருபது நிமிடம் தொண்டை வற்றப் பேசினேன். நீங்கள் கேட்டதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த திரையைப் பற்றி. இருக்கட்டும், இன்று அதையே பேசிவிடுவோம்.

இது 43 இன்ச், 4கே மானிட்டர். டிவி இல்லை. முதலில் வாங்கியது டிவிதான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஏன் 43? 21.5 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் நான்கை, மேலே இரண்டு கீழே இரண்டாக, நடுவில் சட்டமே இல்லாமல் ஒட்டினால் என்ன வருமோ அதுதான் இது. இன்ச்சுக்குச் சுமார் 102 பிக்சல். எழுத்தைப் பெரிதாக்க வேண்டியதே இல்லை, 100 சதவீதத்தில் அப்படியே ஓடும். லினக்ஸ் கணினியில் இசை வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

27 இன்ச் 4கே வாங்கினால் இன்ச்சுக்கு 163 பிக்சல். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு. 200 சதவீதம் வைத்தால் ஃபுல் எச்டி அளவு இடம்தான் மிஞ்சும். 150 வைக்கலாம் என்று போனால்தான் வம்பு. நான் வேலை செய்யும் ஆர்டோரில், அதாவது பாட்டைப் பதிந்து கலக்கும் மென்பொருளில், எழுத்தைப் பெரிதாக்க அதன் அமைப்புகளிலேயே வழி இருக்கிறது. அதற்குள் சேர்த்துக்கொள்ளும் குட்டிக் கருவிகளான பிளகின்கள் அப்படியா? ஒவ்வொன்றும் தன் ஜன்னலைத் தானே வரைகிறது. ஒலியின் அடி, உச்சத்தைத் திருத்தும் ஒரு ஈக்யூ பெரிதாகும், பக்கத்தில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் நகம் அளவில் நிற்கும். யாபிரிட்ஜ் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக லினக்ஸில் விண்டோஸ் பிளகின் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு அடுக்குத் தலைவலி.

இப்போது டிவி கதை. விலை குறைவு என்று ஆசைப்பட்டேன். ஆர்டோரைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் இருக்கிற சிவப்பு எழுத்தெல்லாம் குங்குமம் ஈரத்தில் கரைந்த மாதிரி இருந்தது. கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், அந்த டிவி நிறத்தைச் சுருக்கிக் காட்டியது. 4:2:0 என்ற அந்த முறையில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் போகும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்று. சினிமா பார்க்க அது போதும். மெல்லிய எழுத்துக்குப் போதாது. நமக்கு நிறமும் பிக்சலுக்கு ஒன்றாகப் போகும் 4:4:4 வேண்டும். சில டிவிகளில் கணினிக்கென்று இருக்கும் பிசி மோட் போட்டால் சரியாகிவிடும். என்னுடையதில் ஆகவில்லை, இப்போது அது ஹாலில் சீரியல் காட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, கணினியின் போர்ட்டைப் பாருங்கள். என் பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே போனால் நொடிக்கு 30 தடவைதான். மவுஸை நகர்த்தினால் கூழுக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருக்க வேண்டும். நான் டிஸ்ப்ளேபோர்ட் பக்கம்தான்.

இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள்: மானிட்டர் வாங்கினால் கூடவே ஒரு சவுண்ட் கார்டும் வீட்டுக்கு வரும். முதல் நாள் பிளே அழுத்துகிறேன், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மானிட்டருக்குள் இருக்கிற கொசு ஸ்பீக்கர் பாடுகிறது! டெர்மினலில் சவுண்ட் கார்டுகளைப் பட்டியலிடும் ஏபிளே மைனஸ் எல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கார்டு ஜீரோ என்று எச்டிஎம்ஐ (டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினாலும் திரைக்குப் போகும் சத்தத்துக்கு அந்தப் பெயர்தான்) உட்கார்ந்திருக்கிறது, மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டும் என் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் கார்டு நம்பர் ஒன்று. அடுத்த தடவை பூட் செய்தால் இந்த எண் மாறினாலும் மாறலாம். அதனால் ஒலியைக் கார்டுக்கு அனுப்பும் ஜாக் மென்பொருளில் எண்ணை நம்பாதீர்கள், கார்டின் பெயரைக் கொடுங்கள். அதே வேலையைச் செய்யும் புதிய பைப்வயர் என்றால், பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு ஜன்னலில் கடைசி டேபுக்குப் போய் எச்டிஎம்ஐயை ஆஃப் செய்துவிட்டால் போதும்.

அப்புறம் காது. இந்தத் திரை கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் அகலம், 53 உயரம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பலகை நிறுத்திய மாதிரி. சத்தம் அதில் பட்டுத் திரும்பி, நேராக வரும் சத்தத்தோடு மோதும். ஒரு நாள் திரை மேல் கனமான போர்வையைப் போட்டுக் கேட்டேன். நடுவில் மங்கலாக நின்ற குரல் பளிச்சென்று முன்னால் வந்தது. மறுநாளே ஸ்டாண்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டேன். இதோ, பக்கவாட்டில் காட்டுகிறேன், ஸ்பீக்கர் முகம் திரையைவிட ஒரு முழம் முன்னால் இருக்கிறதா? இதனால் நான் ஒரு மீட்டர் தள்ளி உட்காருகிறேன், கழுத்தும் பிழைத்தது. மேல் ஓரத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், அதனால் ஆர்டோரின் மிக்ஸர் ஜன்னலை மேலே போட்டு, எடிட்டர் ஜன்னலைக் கீழே வைத்திருக்கிறேன்.

கிட்டார்காரர்களுக்கு மட்டும் ஒன்று. உங்கள் எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிப்பது ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால் இதைக் கேளுங்கள். ஆம்ப் ஆனில் இருக்கிறது, கிட்டார் திரையைப் பார்த்தபடி... அந்த ரீங்காரம் வருகிறதா? இப்போது நாற்காலியைத் திருப்புகிறேன், பாதி. இன்னும் கொஞ்சம். ம், இங்கேதான் ரீங்காரம் அடங்குகிறது. தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன் பாருங்கள்.